வேலூர் வெயிலில் ரைசன் 5 5600

ஏலச்சீட்டில் எடுத்த பணத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக என் கையில் நின்றது பன்னிரண்டாயிரம் ரூபாய். கணினியை மேம்படுத்த அவ்வளவுதான். அதற்குள் நான் வாங்கிய பொருள் ஏஎம்டி ரைசன் 5 5600 பிராசசர். 2024 பிப்ரவரியில் வாங்கினேன். ஒரு முழுக் கோடையும் அதை ஓட்டிப் பார்த்த பிறகே எழுதுகிறேன். வேலூரில் மே மாதத்தைத் தாண்டாத எந்தக் கணினிப் பாகத்தைப் பற்றியும் நல்லது சொல்ல எனக்கு மனம் வராது.

முதலில் என்னிடம் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2018 இறுதியில் வாங்கிய ரைசன் 5 1600, பி450 மதர்போர்டு, 3000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட 8 ஜிபி ரேம் இரண்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ். கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் 2023-ல் வாங்கியது, அதுவும் பழையது: ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. 2022 செப்டம்பரில் கிராஃபிக்ஸ் கார்டுகளை வைத்து எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் ஈட்டும் மைனிங் நின்றதும் இத்தகைய கார்டுகள் கொட்டிக் கிடந்தன. (இதே பெயரில் கணக்கிடும் அலகான கோர் 2048 மட்டுமே உள்ள கார்டும் சந்தையில் உண்டு. ஜிபியு-இசட் மென்பொருளில் முழுமையான கார்டுக்குரிய 2304 என்ற எண்ணைப் பார்த்த பிறகே நான் பணத்தை நீட்டினேன்.)

கடையில் பகல் முழுக்கப் பத்திரங்களும் மனுக்களும் தட்டச்சு செய்துவிட்டு வரும் எனக்கு, இரவில் ஜிடிஏ 5 விளையாட்டில் ஒரு மணி நேரம் கார் ஓட்டினால்தான் தூக்கம் வரும். தம்பிக்கு வேலோரன்ட் என்ற சுடும் விளையாட்டு. இரண்டிலும் ஒரே தொல்லை. சாதாரணமாக நன்றாக ஓடும். கூட்டமான தெருவிலோ, ஐந்து பேர் சேர்ந்து சுடும் இடத்திலோ திக்கித் திணறும். திரையின் மூலையில் அளவுகளை ஓடவிட்டுக் கவனித்தேன். ஃபிரேம், அதாவது ஒரு நொடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, சரியும் அதே நொடியில் கிராஃபிக்ஸ் கார்டின் உழைப்பும் 99 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு இறங்கியது. கார்டு களைத்துப் போகவில்லை, பிராசசருக்காகக் காத்து நிற்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. 1600-ஐ ஏற்கெனவே 1.35 வோல்ட்டில் 3.8 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி வைத்திருந்தேன். அதற்கு மேல் அந்தத் தலைமுறையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு ஞாயிறுக்கு முந்தைய நாள், காட்பாடியில் ரயில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் வெளியே வந்தேன். அங்கிருந்து, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம். முதலில் ஏறிய கடையில், "பழைய போர்டில் இது ஓடாது மேடம், போர்டு, ரேம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்" என்றார்கள். அது உண்மையில்லை. 2022 ஏப்ரலில் வந்த 5600-ம் 2017-ல் வந்த 1600-ம் போர்டில் பிராசசரைப் பொருத்தும் ஒரே ஏஎம்4 சாக்கெட்டில் உட்காருபவை. போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் போதும். என் போர்டின் ஆதரவுப் பட்டியலை முன்பே பார்த்து, தேவைப்படும் பயாஸ் பதிப்பின் எண்ணைக் கையில் எழுதி வந்திருந்தேன். அப்படிப் பார்க்காமல் வந்தவர் அன்று முப்பதாயிரம் ரூபாய்க்குப் பில் போட்டிருப்பார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அடுத்த தலைமுறை சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால்தான் புது போர்டும் டிடிஆர்5 ரேமும் கட்டாயம்.

இரண்டாவது கடையில் 5600ஜி-யை எடுத்து வைத்து, இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். ஒன்றில்லை. 5600-ல் எல்3 கேச், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், 32 எம்பி. 5600ஜி-யிலும் 5500-லும் 16 எம்பி. தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்து விளையாடுகிறவருக்கு அந்தப் பாதி கேச்தான் வித்தியாசமே. கார்டு இல்லாதவருக்கு 5600ஜி சரி, ஏனென்றால் 5600-ல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. மூன்றாவது கடையில் சீல் பிரிக்காத பெட்டி, மூன்று ஆண்டு வாரண்டியுடன், 10,900 ரூபாய்க்குக் கிடைத்தது. பிராசசருக்கும் கூலருக்கும் இடையே தடவும் தெர்மல் பேஸ்ட் 250.

பயாஸைப் பழைய பிராசசர் இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும். எங்கள் பகுதியில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கடையிலிருந்து யுபிஎஸ்ஸைத் தூக்கி வந்து, அதில் இணைத்த பிறகுதான் அந்த வேலையைத் தொட்டேன். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

அடுத்த கட்டத்தில்தான் கை நடுங்கியது. பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்கின் நான்கு திருகுகளையும் கழற்றி மேலே இழுத்தேன். ஐந்து ஆண்டுப் பேஸ்ட் காய்ந்து பசையாகியிருந்தது. சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடியே இருக்க, பிராசசரும் ஹீட்சிங்கோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்துவிட்டது. ஏஎம்4 பிராசசரின் அடியில் 1331 பின்கள். முடிக்கற்றை போன்ற அந்தத் தங்க நிற வரிசைகளைக் குழல் விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தேன். மூலையில் இரண்டு பின்கள் தலை சாய்த்திருந்தன. லெட் நீக்கிய 0.7 பேனா பென்சிலின் முனைக் குழாயை ஒவ்வொரு பின்னின் மேலும் மெல்லச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கமாக நிமிர்த்தினேன். மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிந்துவிடும். தம்பி பக்கத்தில் நின்று, "அக்கா, வரிசை நேராகிவிட்டது" என்று சொன்ன பிறகே கையை எடுத்தேன். கழற்றுமுன் பத்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓட்டிச் சூடாக்கி, ஹீட்சிங்கை இடவலமாகத் திருகி விடுவித்திருந்தால் இது நடந்திருக்காது. நீங்கள் அப்படியே செய்யுங்கள். அந்த 1600 பிழைத்து, 3,200 ரூபாய்க்கு ஒரு கல்லூரி மாணவரிடம் போனது. ஆக எனக்கு நிகரச் செலவு 7,950 ரூபாய்.

பெட்டியில் வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலரை நான் மாட்டவில்லை. 1600-உடன் வந்த ரெய்த் ஸ்பயர் அதைவிட உயரமானது, உலோகம் கூடுதல். அதையே துடைத்துப் புதுப் பேஸ்ட் இட்டு வைத்தேன். ஸ்டெல்த்தை அந்த மாணவருக்கே கொடுத்துவிட்டேன்.

பலன் என்ன? ஜிடிஏ 5-ல் நெரிசலில் 52-க்குச் சரிந்த ஃபிரேம் இப்போது 80-க்குக் கீழே இறங்குவதில்லை. வேலோரன்ட்டில் 110-ஐத் தொட்ட சரிவு 200-க்கு அருகில் நிற்கிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ல் 48 இருந்தது 51 ஆனது, அவ்வளவுதான். அந்த விளையாட்டு முழுக்கக் கிராஃபிக்ஸ் கார்டைப் பிழிவது; அதற்குப் பிராசசர் மருந்தல்ல. நீங்கள் விளையாடுவது அந்த வகை என்றால் இந்தப் பணத்தைக் கார்டுக்குச் சேர்த்து வையுங்கள்.

இனி ஓவர்கிளாக், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. பழைய பிராசசரில் வோல்டேஜை ஏற்றி வேகத்தை ஏற்றினோம். 5600-ல் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பதே நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது. சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் இடமிருக்கும் வரை இந்தச் சிப் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஆகவே வோல்டேஜைக் குறைத்து இடம் உண்டாக்கிக் கொடுத்தால் போதும். பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பு அதற்குத்தான். எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 30 வைத்தேன். பிராசசரை முழுக்க உழைக்கவைத்து மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் சோதனை தடையில்லாமல் ஓடியது, மகிழ்ந்தேன். ஆனால் மறுநாள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போது கணினி தானே அணைந்து எழுந்தது. முழு உழைப்பில் தாங்குகிற சிப், ஓய்வில் ஒற்றைக் கோர் திடீரென வேகம் எடுக்கும் நொடியில் வோல்டேஜ் போதாமல் விழுகிறது. மைனஸ் 20-ல் நிறுத்தினேன். அதன்பின் ஒருமுறைகூட விழவில்லை. சினிபெஞ்ச் ஆர்23-ல் 10,600 இருந்தது 11,150 ஆனது; வெப்பம் 84 டிகிரியிலிருந்து 77-க்கு இறங்கியது. வேகம் கூடிச் சூடு குறைவதை இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாகப் பார்த்தேன்.

ரேமில் பொறுமை வேண்டும். 1600-ல் இந்த ரேம் 2933-க்கு மேல் நிலைத்ததே இல்லை. புதியதில், ரேமில் அச்சிட்ட வேகத்தைத் தரும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டவுடன் 3000. 3600-க்கு முயன்றேன், திரையே வரவில்லை. சிமாஸ் பின்கள் இரண்டையும் திருப்புளியால் தொட்டு அமைப்புகளை அழித்து மீட்டேன். 3466-ல், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-இன் இரண்டாம் சுற்றில் பிழை வந்தது. 1.35 வோல்ட்டில் 3333 மட்டும் நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்தது. கடையின் கோப்புகளையும் இந்தக் கணினியில் வைத்திருப்பதால் அந்தச் சோதனையில் நான் சமரசம் செய்யவில்லை. ரேம் பிழையால் ஒரு கிரயப் பத்திரத்தின் எண் மாறிவிட்டால் விளையாட்டில் வந்த ஐந்து ஃபிரேமை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அதே வழிதான்: 1340 மெகாஹெர்ட்ஸை மாற்றாமல் 1150 மில்லிவோல்ட்டை 1060 ஆக்கினேன். 81 டிகிரி 73 ஆனது. கார்டு இழுக்கும் மின்சாரமும் குறைந்ததால் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் செலவும் தள்ளிப் போனது.

கத்திரி தொடங்கியதும் என் அறையில் மாலை ஆறு மணிக்கும் 38 டிகிரி. அப்போது மைனஸ் 20 மட்டும் போதவில்லை, விசிறிச் சத்தம் பக்கத்து அறையில் அம்மாவை எழுப்பியது. பயாஸில் இரண்டாவது புரொஃபைல் ஒன்றைச் சேமித்தேன்: பிராசசர் இழுக்கும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஈகோ மோட், 45 வாட். வேலோரன்ட்டில் அதனால் இழந்தது பத்துப் பதினைந்து ஃபிரேம். தம்பி அதைக் கவனிக்கவே இல்லை. ஆடி மாதத்தின் முதல் நல்ல மழை பெய்த இரவில்தான் பழைய புரொஃபைலுக்குத் திரும்பினேன்.