லேசரா, துகள் முடுக்கியா: இணைவு மின் நிலையத்துக்கு எது ஏற்றது?

2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் 2.05 மெகாஜூல் ஆற்றலைப் பாய்ச்சின. சிறு உருண்டைக்குள் எரிபொருளாக இருந்த டியூட்டீரியம், டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கனமான வகைகள்) அணுக்கள் இணைந்து 3.15 மெகாஜூல் திருப்பித் தந்தன. அந்தச் செய்தியைப் படித்தபோது மெய்சிலிர்த்தது. ஆனால் அந்த ஒரு வெடிப்புக்காக லேசர் இழுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். மின் நிலையம் என்று வந்துவிட்டால் இந்தக் கணக்கைத் தாண்டிப் போக முடியாது.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ஆல் மாஷ்கே, ஆர்கான் ஆய்வகத்தின் ரொனால்ட் மார்ட்டின் போன்றவர்கள் 1970களிலேயே இதற்கு ஒரு மாற்று வழி சொன்னார்கள்: ஒளிக்குப் பதிலாக, பிஸ்மத் போன்ற கனமான அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை) முடுக்கியில் வேகமூட்டி எரிபொருள் உருண்டையைத் தாக்குவது. டியூட்டீரியத்தையே முடுக்கி டிரிட்டியத்தில் மோதவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. வரும் துகளின் ஆற்றலில் பெரும்பகுதியை இலக்கிலுள்ள எலக்ட்ரான்களே வாங்கிக்கொள்ளும். எனவே இங்கே முடுக்கியின் வேலை, லேசரைப் போலவே, உருண்டையை நசுக்குவது மட்டும்தான்.

மின்சாரத்தைக் கற்றையாக மாற்றும் திறனில் முடுக்கி தெளிவாக முந்துகிறது. வடிவமைப்புகள் 20 முதல் 40 சதவீதம் வரை எதிர்பார்க்கின்றன. லிவர்மோர் லேசர் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. டயோடால் இயங்கும் புதிய லேசர்கள் 10 சதவீதத்தைத் தாண்டலாம். இயக்கியின் (உருண்டையை நசுக்கும் லேசர் அல்லது முடுக்கியின்) திறன் 25 சதவீதம் என்றால் எரிபொருள் கற்றையைப்போல் 40 மடங்கு ஆற்றல் தந்தாலே நிலையம் ஓடும். 10 சதவீதம் என்றால் 100 மடங்கு வேண்டும். 2022இல் கிடைத்தது ஒன்றரை மடங்கு.

நிலையம் நொடிக்குச் சில முறையாவது வெடிக்க வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் நியூட்ரான் மூலத்தில் ஒரு முடுக்கி நொடிக்கு 60 துடிப்புகள் தருகிறது. லிவர்மோர் லேசரோ ஒரு வெடிப்புக்குப் பின் கண்ணாடிகள் ஆற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

என்னை முடுக்கியின் பக்கம் சாய வைத்தது வேறொரு விஷயம். லேசரின் கடைசிக் கண்ணாடி வெடிப்பை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்; நியூட்ரான்கள் அதைத் தாக்கிக்கொண்டே இருக்கும். அயனிக் கற்றையைக் குவிக்கும் காந்தச் சுருளோ பாதையைச் சுற்றித்தான் அமர்ந்திருக்கும், குறுக்கே எதுவும் நிற்காது. சுருளைக் கவசத்தின் பின்னால் வைத்துவிடலாம்.

முடுக்கியின் பெரிய தொல்லை குவிப்பதில் இருக்கிறது. ஜெனீவாவின் எல்எச்சி என்ற மாபெரும் முடுக்கி வளையத்தில் ஒரு கற்றை சுமக்கும் ஆற்றல் சுமார் 360 மெகாஜூல். உருண்டைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. ஆனால் அது 27 கிலோமீட்டருக்குப் பரவி, வந்து சேர 90 மைக்ரோநொடி எடுக்கும். நமக்கோ சில மெகாஜூல் வெறும் 10 நானோநொடிக்குள், சில மில்லிமீட்டர் புள்ளிக்குள் விழ வேண்டும். ஒரே மின்னூட்டம் கொண்ட அயனிகள் ஒன்றையொன்று தள்ளிவிடும். அதனால்தான் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகக் குழுவின் ஒரு வடிவமைப்பு சுமையை 120 கற்றைகளுக்குப் பங்கிட்டது.

லேசரில் ஒரு கற்றையைச் செய்து பார்த்து, பிறகு அதையே பெருக்கலாம். முடுக்கியில் முதல் படியே பெரிய செலவு. லேசர் முன்னேறியதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன். பெர்க்லியில் 2012இல் முடிந்த என்டிசிஎக்ஸ்-2 என்ற சோதனை முடுக்கி, லிவர்மோரின் பழைய முடுக்கியிலிருந்து கழற்றிய பாகங்களால் கட்டப்பட்டது. அது அயனிகளுக்குத் தந்த ஆற்றல் ஒரு மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டியது. நிலையத்துக்கு வேண்டியது அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு.