மண்சட்டியில் மீன்குழம்பு: பல வருடப் புழக்கத்தில் கண்டது

எங்கள் வீட்டு மீன்குழம்புச் சட்டி, பெரியவள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது வாங்கியது. இப்போது அவள் ஏழாம் வகுப்பு. இடையில் ஒரு நான்ஸ்டிக் கடாய் பூச்சு உரிந்து பழைய சாமான்காரரிடம் போனது. குக்கருக்கு கேஸ்கட்டும் பிடியும் மாற்றியாகிவிட்டது. சட்டி மட்டும் அதே சட்டி. உள்பக்கம் கறுத்து வழவழப்பாகி, வாங்கிய அன்று இருந்ததைவிட இன்று நன்றாகச் சமைக்கிறது.

மண்சட்டி வாங்கலாமா, கேஸ் அடுப்பில் தாங்குமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் வாரம் ஒரு முறையாவது அடுப்பில் ஏற்றுவதாக இருந்தால் மட்டும். அழகாக இருக்கிறதே என்று வாங்கிப் பரணில் வைத்துவிட்டு, பொங்கலுக்கோ விருந்தாளி வரும்போதோ இறக்கினால் பூஞ்சை வாடை அடிக்கும், தண்ணீர் கசியும், சூடு பட்டதும் விரிசல் விடும். என் மாமியார் சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். சட்டி வந்த அன்றே சொல்லிவிட்டார்: "கவுத்து வெச்சிட்டு மறந்துடாதம்மா. தெனம் ஏத்துனா அது பாட்டுக்கு இருக்கும். சும்மா கெடந்தாதான் கெட்டுப்போவும்." இத்தனை வருடத்தில் அந்த வார்த்தை பொய்க்கவில்லை.

வாங்கியது கொசப்பேட்டையில். விநாயகர் சதுர்த்திக்கு முன் பிள்ளையாரும், நவராத்திரிக்கு முன் கொலுப் பொம்மைகளும் நிறைந்திருக்கும் பகுதி அது. அந்த நெரிசல் இல்லாத நாளாகப் பார்த்துப் போனால் சட்டிபானையை நிதானமாக எடுத்துப் பார்க்கலாம். விரல் முட்டியால் தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ இருக்கிறது. கறுப்புச் சட்டி வேறு மண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சூளையை மூடிப் புகையோடு வேகவிட்டால் சிவக்க வேண்டிய மண்ணே கறுத்துவிடும். சிவப்புச் சட்டிக்குக் கறுப்புச் சாயம் பூசி விற்பவர்களும் உண்டு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் கையில் வந்துவிடும். பளபளவென்று மெருகு பூசிய சட்டிகளை நான் எடுப்பதே இல்லை. அந்தப் பூச்சில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. புளிப்பான குழம்பு அதைக் கரைத்து இழுத்துக்கொள்ளும்.

அடி உருண்டையாக இருப்பது விறகடுப்புக்குச் சரி. கேஸுக்கு அடி தட்டையாக, வாய் அகலமாக இருப்பது நல்லது. மீன் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவலாகக் கிடக்க அந்த அகலம் வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு கிலோ மீன் என்றால், குழம்பு கொதித்து எழும்பவும் இடம் விட்டு மூன்று லிட்டர் சட்டி தேவை.

அடுத்தது பழக்குவது. இதை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலில் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கட்டும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு என்பதால் இதற்குக் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரைத்தான் பிடித்து வைப்பேன். உப்புத் தண்ணீரில் ஊறினால் காய்ந்த பிறகு வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும். மறுநாள் முதல் தினமும் வடித்த கஞ்சியை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கொட்டிக் கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். கஞ்சியின் பசை மண்ணில் உள்ள நுண்துளைகளை அடைப்பதால்தான் கசிவு நிற்கிறது. ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு, உள்ளும் புறமும் நல்லெண்ணெய் தடவி, கொஞ்சம் வெங்காயத்தை வதக்கிக் கொட்டினேன். அப்புறம்தான் முதல் குழம்பு.

எங்கள் வீட்டில் ஞாயிறு மீன் என்றால் வீட்டுக்காரர் விடியுமுன் காசிமேட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டம் நெருக்கியடிக்கும். சின்னவனும் சில சமயம் கூடப் போவான். செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பா என்று பார்க்கவும், உடம்பில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுகிறதா என்று பார்க்கவும் அவனுக்கு இப்போதே தெரியும். வழக்கமாக வாங்கும் அக்கா, "இன்னிக்கு சங்கரா நல்லா கீது தம்பி, எத்துனு போ" என்று சொன்னால் அதில் தவறு இருக்காது. வெட்டிச் சுத்தம் செய்து தர அங்கேயே ஆட்கள் உண்டு, அதற்குத் தனிக் காசு. வஞ்சிரம் கிடைத்தால் அது வறுவலுக்கு. குழம்புக்கு எங்களுக்குச் சங்கராவும் நெத்திலியும் மத்தியும் போதும். முள் இருக்கிற மீனில்தான் குழம்பு ருசி என்பது என் தீர்மானமான கருத்து.

சட்டியில் சமைக்கும் முறை கடாயைவிட வேறு. முதலில் சிறு தீ. காலிச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு நகரக் கூடாது, எண்ணெயோடுதான் சூடேற வேண்டும். சூடு ஏற நேரமாகும், அதனால் வெந்தயம் பொரிய அவசரப்படுவதில் பயனில்லை. வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கி, மாவு மில்லில் அரைத்து வைத்த குழம்பு மிளகாய்த்தூளும் புளிக்கரைசலும் சேர்ந்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்க வேண்டும். மீன் கடைசியில். அதைப் போட்ட பிறகு என் வீட்டில் யாரும் கரண்டி போட மாட்டோம். துணியால் விளிம்பைப் பிடித்துச் சட்டியையே லேசாகச் சுழற்றுவதுதான். மீன் முக்கால் பதம் வெந்ததும் அடுப்பை அணைத்துவிடுவேன். அணைத்த பிறகும் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். மீதி கால் பதத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். அலுமினியச் சட்டியில் இது நடக்காது, அது சீக்கிரம் ஆறிவிடும். புளி அலுமினியத்தை அரிக்கும், மண்ணை ஒன்றும் செய்யாது. அலுமினியத்தில் வைத்த குழம்பில் நாக்கின் ஓரத்தில் தட்டும் ஒரு உலோக வாடை உண்டே, அது இதில் இல்லவே இல்லை.

இறக்கும்போது பிரிமணை மேல் வைப்போம். பிரிமணை இல்லாதவர்கள் துணியைச் சுருட்டி வைக்கலாம். கழுவி ஈரமாக இருக்கும் கிரானைட் மேடையில் சூட்டோடு வைப்பதுதான் சட்டியை உடைக்கும் முதல் எதிரி. கொதிக்கும் குழம்பில் பச்சைத்தண்ணீர் ஊற்றுவது அதற்கு அடுத்தது. தண்ணீர் தேவைப்பட்டால் சுடவைத்துத்தான் ஊற்றுவேன்.

குழம்பின் உச்சம் திங்கட்கிழமை காலை. ஞாயிறு ராத்திரி ஒரு கொதி விட்டு மூடி வைத்தால் காலையில் காரமும் புளிப்பும் அடங்கி, மீனுக்குள் உப்பு இறங்கி, குழம்பு திக்காகியிருக்கும். சுடச்சுட இட்லி மேல் அதை ஊற்றும்போது பிள்ளைகள் பள்ளிக்கூட அவசரத்தையே மறந்துவிடுகிறார்கள். மாமியாருக்குப் பழைய சோறுதான், குழம்பை ஒரு ஓரமாகத் தொட்டுக்கொள்வார். "ஆயா, எனக்கு ஒரு வாய்" என்று சின்னவன் இட்லித் தட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். வாரத்தில் மற்ற நாள் ஆளுக்கு ஒரு நேரத்தில் சாப்பிடும் வீடு இது. திங்கள் காலை மட்டும் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோம். கோடையில் மட்டும் ராத்திரி வெளியே வைக்க முடியாது. எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிப் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். சட்டியோடு பிரிட்ஜில் வைத்து, ஜில்லென்று எடுத்து அடுப்பில் ஏற்றினால் அன்றோடு சட்டி முடிந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகளில் வருவது கொஞ்சம், விலையும் ஏறிவிடும். மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால் அந்தத் தடை வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அப்போது கருவாடு. அதே மாதங்களில் மாங்காயும் நிறைய வருவது நல்ல பொருத்தம். நெத்திலிக் கருவாடு, கத்திரிக்காய், புளிப்பு மாங்காய் மூன்றும் சேர்ந்த குழம்புக்காகத் தடைக்காலத்தை ஆசையோடு எதிர்பார்க்கும் ஆள் நான். இதற்கென்று தனியாகச் சின்னச் சட்டி ஒன்று வாங்கிவிட்டேன். கருவாட்டு வாடை மண்ணுக்குள் போனால் லேசில் வெளியே வராது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது எங்கள் தெருவில் பலர் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். வலையும் படகும் எண்ணெய் அப்பிக் கறுத்துப்போய் நின்ற அந்த மீனவக் குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. நாங்களும் அப்போது மீன் வாங்கவில்லை. சட்டியைச் சும்மா விடக் கூடாதென்று சுண்டைக்காய் வற்றல் குழம்பும் பூண்டுக் குழம்பும் வைத்தேன். புளி சேர்ந்த எந்தக் குழம்புக்கும் இது சரியாக வரும் என்பது அப்போதுதான் நன்றாகப் பிடிபட்டது.

வெளியே சாப்பிடப் போவதிலும் இந்தச் சட்டியால் ஒரு மாற்றம் வந்தது. மீன்குழம்புச் சாப்பாட்டை ஓட்டலில் வாங்குவதை நாங்கள் விட்டுவிட்டோம், வீட்டில் இருப்பதைவிட நன்றாக எங்கும் கிடைக்கவில்லை. அதனால் வெளியே போனால் வீட்டில் செய்ய வராததையே தேடிப் போகிறோம். எங்களுக்கு அது அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கி நடந்தால் கடற்கரை ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டிகள் நிற்கும். பட்டையான நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயத்தை உள்ளே வைத்து, புளித்தண்ணீர் விட்டுத் தரும் முட்டை மசாலாவுக்குப் பிள்ளைகள் இருவருக்கும் போட்டி. ஒரு முறை வீட்டில் செய்து பார்த்தேன், நன்றாகவே இருந்தது. இருந்தாலும் அந்த வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு, காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாலு பேரும் சாப்பிடும் சந்தோஷம் அடுக்களையில் வராது. அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

பராமரிப்புக்கு வருகிறேன். சோப்பு, லிக்விட் எதுவும் கூடாது, மண் அதை உறிஞ்சி அடுத்த குழம்பில் கக்கும். தேங்காய் நாரும் கொஞ்சம் கடலை மாவும் வெந்நீரும் போதும், மீன் கவிச்சி போய்விடும். கழுவியதும் கவிழ்த்து மூடி வைக்காமல், சாய்த்துக் காற்றுப்பட வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் மாடியில் வெயிலே படாது. அப்போது சிறு தீயில் வைத்து ஈரத்தை ஓட்டிவிட்டு எடுத்து வைப்பேன். அப்படியும் உள்ளே லேசாகப் பூஞ்சை கண்டால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கொட்டி, மறுபடி காயவைத்தால் சரியாகிவிடும். விளிம்பில் சின்னதாகச் சில்லு போனால் கவலைப்பட வேண்டாம், எங்கள் சட்டியிலும் ஒரு இடத்தில் போயிருக்கிறது. அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மட்டும் அடுப்பில் ஏற்றாதீர்கள், கொதிக்கிற குழம்போடு பிளந்தால் ஆபத்து.

குறை என்று பார்த்தால் எடை. மாமியாரால் குழம்போடு இருக்கும் சட்டியைத் தனியாகத் தூக்க முடிவதில்லை. சமைக்கும் நேரமும் கேஸும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். காலையில் வேலைக்கு ஓடுபவர்களுக்குத் தினசரிச் சமையலுக்கு இதைச் சொல்ல மாட்டேன். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண மண்சட்டி சூடே ஏறாது. அவர்கள் தயிருக்கென்று சின்ன மண்கலயம் ஒன்று வாங்கலாம், அடுப்பே வேண்டாம். மேல்தண்ணீரை மண் இழுத்துக்கொள்வதால் தயிர் கெட்டியாக விழும், சித்திரை வெயிலிலும் சீக்கிரம் புளிக்காது. எங்கள் வீட்டில் அதுவும் தினப்படிப் புழக்கத்தில் இருக்கிறது.