உப்புக் காற்று பட்டால் எடை கூடுமாம்

எலக்ட்ரானிக் தராசைப் பழுதுபார்க்க ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். அங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

திருப்பாலைக்குடிக்கும் தொண்டிக்கும் நடுவில் ஒரு கரையில் நண்டு எடுப்பது என் தொழில். வள்ளத்தில் வரும் நீலக்கால் நண்டைக் கரையிலேயே எடை போட்டு வாங்கி, ஐஸ் போட்டு, கம்பெனி வண்டியில் ஏற்றிவிடுவேன். தராசு 30 கிலோ வரை நிறுக்கும், 5 கிராம் 5 கிராமாகக் காட்டும். மாமியார் காலத்து 5 கிலோ படிக்கல் ஒன்று வீட்டில் உண்டு. அதை வைத்தால் தராசு 5.120 காட்டத் தொடங்கியது. 120 கிராம் என்றால் ஒரு நண்டு. நான் வாங்கும்போது கூடக் காட்டுகிறது, கம்பெனித் தராசில் சரியாகக் காட்டுகிறது. இடையில் காணாமல் போகிற நண்டு என் கையை விட்டுப் போகிற காசு.

கடையில் கொடுத்தேன். சென்சார் போய்விட்டது, புதிது போட வேண்டும், பேட்டரியும் மாற்ற வேண்டும், எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் என்றார்கள். விலை கூடுதல்தான். ஆனால் தொழில் தெரிந்தவன் கூலி கேட்டால் நான் பேரம் பேசுவதில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்ப வாங்கப் போனபோது படிக்கல்லையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். அதை வெளியே எடுத்ததுமே கடைக்காரர் முகம் மாறியது. தட்டில் வைத்தேன். 5.060. அரசு ஆபீசில் சரிபார்த்து முத்திரை போடும்போது இந்த வகைத் தராசில் 5 கிலோவுக்கு 5 கிராமுக்கு மேல் பிசகக் கூடாது. இது 60 கிராம்.

“ஏன் தம்பி இன்னும் கூடக் காட்டுது?”

“அக்கா, நீங்க கடலோரம். உப்புக் காத்து கனமா இருக்கும். அது தட்டை அமுக்கும்.”

“இங்க ஏது கடல்?”

“இப்பக் கச்சான் காத்து சீசன்க்கா. இங்க வரைக்கும் வருது.”

அந்த நேரம் கடையில் என்னைத் தவிர இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கறிக்கடை பாய். அவர் ஒன்றும் சொல்லாமல் என் படிக்கல்லையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சாயல்குடி பக்கத்துக் கருப்பட்டி வியாபாரி. தன் தராசுக்கும் இதே மாதிரி ஏதோ கதை சொல்லியிருக்கிறார்கள் போல. “எங்களப் பாத்தா கேணப்பயலுக மாதிரி தெரியுதா?” என்று சத்தம் போட்டார். அதுதான் கடைக்காரருக்கு வசதியாகப் போயிற்று. “அண்ணே, எதுக்கு டென்ஷன் ஆகுறீங்க, தண்ணி குடிங்க” என்று ஆரம்பித்தார். ஒரே நிமிடத்தில் பொய் சொன்னவர் பொறுமைசாலி, கேள்வி கேட்டவர் சண்டைக்காரர் என்று ஆகிவிட்டது. வாசலில் போனவர்களும் கருப்பட்டிக்காரரைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மூன்றாவது ஆள் ஒரு ஆத்தா, கருவாட்டு வியாபாரம். இவ்வளவு நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவர், ரொம்ப அப்பாவியாகக் கேட்டார்.

“அப்ப வாடைக் காத்து வந்தா எடை குறையுமா தம்பி?”

“ஆமா ஆத்தா, கொஞ்சம் குறையும்.”

“அப்படின்னா நான் வாடையில வாங்கி வச்சுக் கச்சான்ல வித்துக்கிறேன். போன வருசமே சொல்லியிருக்கக் கூடாதா நீ?”

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். கருப்பட்டிக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரருக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.

எனக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். மெதுவாகத்தான் கேட்டேன். “காத்து அமுக்குதுன்னா தட்டு காலியா இருக்கும்போதே காட்டணுமே, அப்ப ஏன் பூஜ்யம் நிக்குது?” அதற்கு வந்த பதில்தான் இந்த விமர்சனத்தை எழுத வைத்தது: “அதெல்லாம் டிஜிட்டல்க்கா. சொன்னா உங்களுக்குப் புரியாது.”

தட்டைத் தூக்கினேன். அடியில் சென்சாராக இருக்கும் அதே பழைய அலுமினியக் கட்டை, ஓரத்தில் வெள்ளையாய் உப்புப் பூத்தபடி, இடுக்கில் ஒரு மீன் செதிலோடு. புது சென்சார் எங்கே என்றால், இது வெளிக்கூடு, உள்ளேதான் மாற்றினோம் என்கிறார். பழையதைக் கொடுங்கள் என்றால் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்களாம்.

“சரி தம்பி. சென்சார் மாத்தியாச்சு, கச்சான் காத்தால 60 கிராம் கூடக் காட்டும்னு பில்லுல எழுதிச் சீல் வச்சுக் குடுங்க. முத்திரை ஆபீசுல காட்டிக்கிறேன்.”

பேனா எடுக்கவில்லை. கொஞ்சம் முனகிவிட்டு பேட்டரிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். பில் கேட்கிற யோசனை கருப்பட்டிக்காரருக்கும் பிடித்துவிட்டது. நான் கிளம்பும்போது அவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் பாலிடெக்னிக் படிக்கிற அண்ணன் மகளிடம் சொன்னேன். இடத்துக்கு இடம் எடை மாறுவது உண்மைதானாம், ஆனால் அது புவியீர்ப்பால். தில்லியில் சரிபார்த்த தராசை ராமேஸ்வரத்தில் கொண்டுவந்து வைத்தால் 5 கிலோவுக்கு ஏறக்குறைய 5 கிராம் வித்தியாசம் வரும், அதுவும் குறைவாகத்தான் காட்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். ராமநாதபுரத்துக்கும் எங்கள் கரைக்கும் ஒன்றும் வராது. அந்தக் கடைக்காரர் பொய்யாவது கொஞ்சம் உழைத்துச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் லைசென்ஸ் உள்ள வேறொரு பழுதுபார்ப்பவரிடம் போனேன். எடைக் கருவி பழுதுபார்க்க லைசென்ஸ் வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். இவர் அதைச் சுவரிலேயே மாட்டியிருந்தார். என் எதிரிலேயே திறந்து, சென்சாரில் ஒட்டியிருக்கும் பசை ஈரத்தில் உப்பிப்போயிருப்பதை டார்ச் அடித்துக் காட்டினார். “ஐஸ் தண்ணி உள்ள போயிருக்குக்கா. மாத்தித் தாறேன், ஆனா இதே மாதிரி கழுவினீங்கன்னா திரும்ப வரும். அடுத்த தடவை தண்ணி புகாத ஸ்டீல் மாடலாப் பாருங்க.” எனக்குச் செலவு வைக்கிற பேச்சுதான், ஆனால் கோபமே வரவில்லை. வேலை முடிந்து முத்திரையும் புதுப்பித்தாயிற்று. எலக்ட்ரானிக் தராசுக்கு அது வருடா வருடம் செய்ய வேண்டியது. இப்போது படிக்கல்லை வைத்தால் 5.000.

முதல் கடையில் முன்பெல்லாம் எங்கள் கரைப் பெண்கள் நிறையப் பேர் தராசு கொடுப்பார்கள். இப்போது போகிறவர்கள் குறைவு. யாரும் அங்கே போய்ச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. கூப்பிட்டால் “வாறோம் தம்பி” என்பார்கள், போக மாட்டார்கள். ஆன்லைனில் தராசு விற்க ஆரம்பித்ததால்தான் வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

ஒரு ஸ்டார் போடுகிறேன். அந்த 6 வோல்ட் பேட்டரி மட்டும் நன்றாகவே உழைக்கிறது.