தலைசுற்றலுக்கு 38,500 ரூபாய் கட்டிவிட்டு வந்தவன் எழுதுகிறேன்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும். கடைசியில் என்னவெல்லாம் கவனிக்க வேண்டும் என்றும் சொல்கிறேன், முழுசாகப் படியுங்கள்.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 63 வயது. போன மாதம் ஒரு விடியற்காலையில் படுக்கையில் வலப்பக்கம் புரண்டிருக்கிறார், வீடே சுழன்றிருக்கிறது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு அலறினார், அப்புறம் வாந்தி. ஒரு நிமிஷம்கூட இல்லை, நின்றுவிட்டது. ஆனால் மறுபடி புரண்டால் மறுபடி. பரண்மேல் இருக்கும் டப்பாவை அண்ணாந்து பார்த்தால்கூட வந்தது. மூன்றாம் நாள் தேயிலைத் தோட்டத்து மேட்டில் கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டார்.

குன்னூரில் ஒரு மாடியில் தலைசுற்றலுக்கென்றே ஒரு 'பேலன்ஸ் சென்டர்' இருக்கிறது. பெயர் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். வெள்ளைக் கோட்டு போட்டவர் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து நாற்காலிவரை கூட்டிப்போனார். "எங்கம்மாவுக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு, நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். அம்மா கண் கலங்கிவிட்டார். அதற்குமேல் நான் எதைக் கேட்பேன்?

கண்ணில் பெரிய கண்ணாடி மாட்டினார்கள், சுவரில் ஓடும் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள், காதில் ஹெட்போன் வைத்து பீப் பீப். அறையில் ஒரு படுக்கை இருந்தது. அதன்மேல் மாத்திரை அட்டைப்பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. "வலப்பக்கம் திரும்பினா மட்டும்தாங்க வருது" என்று அம்மா இரண்டு தடவை சொன்னார். அவர் எழுதிக்கொள்ளவே இல்லை.

"மெனியர் நோயோட ஆரம்பம். விட்டா காது போயிரும்" என்றார். டெஸ்ட்டுக்கு 8,500, பன்னிரண்டு சிட்டிங்குக்கு 30,000. ஆக 38,500. அன்றைக்கே கட்டினால்தான் இந்த ரேட்டாம். கிலோ இருபது ரூபாய்க்கு இலை போடுகிற குடும்பம் நாங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட இரண்டு டன் பச்சை இலை. சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன்.

சிட்டிங் என்றால் என்ன தெரியுமா? ஸ்பாஞ்சு மெத்தைமேல் நின்று டிவியில் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்ப்பது, கழுத்துக்கு வைப்ரேட்டர். அவ்வளவுதான். கூடவே தலைசுற்றலை அமுக்கும் மாத்திரை, அதைப் போட்டு அம்மா பகலெல்லாம் தூங்கி வழிந்தார். நான்கு சிட்டிங் ஆகியும் புரண்டால் அதே சுழற்சி. கேட்டால் "நரம்பு மெதுவாத்தான் பழகும்."

மேட்டுப்பாளையத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் போய்ப் பார் என்று சித்தப்பா திட்டி அனுப்பினார். மலை இறங்குகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அம்மா கண்ணை மூடிக்கொண்டே வந்தார். அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "எவ்வளவு நேரம் சுத்துது?" ஒரு நிமிஷத்துக்குள் என்றதும் சிரித்தார். மெனியர் என்றால் இருபது நிமிஷத்திலிருந்து மணிக்கணக்கில் சுற்றுமாம், காது அடைக்கும், இரையும், கேட்பது குறையும். அம்மாவுக்கு இதில் ஒன்றுகூட இல்லை.

கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் பாதி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தார், தலை கட்டில் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் தொங்கியது. சில விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கண்ணைப் பாருங்க தம்பி" என்றார் டாக்டர். கருவிழி இரண்டும் துடித்துத் துடித்துத் திருகின. அரை நிமிஷத்தில் அடங்கியது. பிறகு தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி, உடம்பையும் அப்படியே ஒருக்களிக்கவைத்து, எழுப்பி உட்காரவைத்தார். இன்னொரு முறை அதையே செய்தார். பத்து நிமிஷம். பீஸ் 400.

உள்காதில் கால்சியம் கார்பனேட் துகள்கள் உண்டாம். அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் போய்விட்டால் தலையை அசைக்கும்போது இப்படி ஆகும். படுக்கவைத்துக் கண்டுபிடிக்கிற சோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-லேயே எழுதிவிட்டார்கள். துகளைத் திருப்பி அனுப்பும் முறை எப்ளி என்ற அமெரிக்க டாக்டருடையது, 1992-ல் வெளியிட்டிருக்கிறார். இரண்டுக்கும் வேண்டியது ஒரு கட்டில். அந்தக் கட்டிலில்தான் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தார்கள்! அன்றிரவு அம்மா வலப்பக்கம் புரண்டார், ஒன்றும் ஆகவில்லை.

மீதி எட்டு சிட்டிங் பணத்தையாவது கேட்கலாம் என்று குன்னூர் போனேன். "சொல்லுங்ணா, சார் கோயம்புத்தூர்ல இருக்காங்க." மறுநாள் "சார் மீட்டிங்." வாட்சப்பில் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டால் பேக்கேஜ் முடிந்தால்தான் தருவார்களாம். நான்காவது தடவை அவரே போனை எடுத்து, "உங்கம்மாவுக்கு வயசாச்சு, அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்றார். கையைப் பிடித்து அம்மா அம்மா என்றவர்! பில்லை அப்புறம்தான் எடுத்துப் பார்த்தேன். சிகிச்சை என்றே இல்லை, 'வெல்னஸ் சர்வீஸ்' என்று அச்சடித்திருக்கிறது. 38,500.

சரி, கவனிக்க வேண்டியவை. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். புரண்டால், அண்ணாந்தால் மட்டும் சுற்றுகிறது என்றால் படுக்கவைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பணம் கட்டாதீர்கள். பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் மரத்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நடக்கவே முடியாவிட்டாலோ டாக்டரைத் தேடி அலையாமல் 108. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றைக்கே காது டாக்டரிடம் போங்கள். பணப் புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. நான் ஊட்டி நுகர்வோர் கோர்ட்டில் போடப்போகிறேன், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை என்றார்கள். இதே மாதிரி பில் வைத்திருப்பவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போடலாம்.

இன்று காலை கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்கள், இலவசத் தலைசுற்றல் முகாம், முதல் ஐம்பது பேருக்கு.