தனியாக வேட்டைக்குச் செல்பவரின் பயணப் பொருட்கள்: ஒரு மதிப்பீடு

முதுகுப்பை விற்பவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு இலேசானது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். காட்டுக்குள் தனியாகச் சென்று சில நாள் தங்கி வேட்டையாடுபவருக்கு அந்தத் தகவல் பாதிதான் பயன்படும். போகும்போது சுமார் 20 கிலோவுக்குள் அடங்கிய சுமை, விலங்கு கிடைத்துவிட்டால் திரும்பும்போது இரு மடங்காகிவிடும். வட அமெரிக்காவின் பெரிய மான் வகையான எல்க்கில் முழு வளர்ச்சி பெற்ற ஆணை வீழ்த்தினால், எலும்பை நீக்கிய பிறகும் ஏறத்தாழ 90 கிலோ இறைச்சி தேறும். கூட ஆள் இருந்தால் பங்கிட்டுச் சுமக்கலாம், தனியாள் மூன்று நான்கு நடை நடந்தே தீர வேண்டும். எனவே வாங்கும் ஒவ்வொரு பொருளையும் திரும்பி வரும் வழியை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

அந்த வகையில் அதிகப் பணம் செலவிடத் தகுந்தது முதுகுப்பைதான். மிஸ்டரி ரேஞ்ச், ஸ்டோன் கிளேசியர் போன்ற நிறுவனங்களின் வேட்டைப் பைகளில் பையைச் சட்டகத்திலிருந்து தளர்த்தி, இரண்டுக்கும் நடுவே இறைச்சி மூட்டையை வைத்து இறுக்கிக் கட்ட முடிகிறது. இதனால் பாரம் முதுகை ஒட்டியே நிற்கிறது. இரத்தக் கசிவும் உறங்குபையை எட்டுவதில்லை. சாதாரண மலையேற்றப் பையில் அதே இறைச்சியைத் திணித்தால், அது அடியில் சரிந்து ஆளைப் பின்னுக்கு இழுக்கும். சட்டகம் தோளுக்கு மேலே சற்று உயர்ந்திருக்கிறதா, பாரத்தின் பெரும்பகுதியை இடுப்புப் பட்டை தாங்குகிறதா என்பவற்றைக் கடையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் உண்மையான சோதனை, 30 கிலோ மணலைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் மேட்டில் ஏறுவதுதான். அப்போது இடுப்பெலும்பை விட்டுக் கீழே வழுக்கும் பட்டை காட்டிலும் வழுக்கும். கொள்ளளவு 80 லிட்டர் போதும் என்பேன். அதைவிடப் பெரிய பை தேவையற்றவற்றைத் திணிக்கவே தூண்டுகிறது.

கத்தி விஷயத்தில், பிளேடு மாற்றும் வகையே சிறந்தது என்னும் பலரோடு எனக்கு உடன்பாடில்லை. ஹாவலான் பிரான்டா போன்ற, பிளேடு மாற்றும் கத்திகள் மிக இலேசானவை. சாணை பிடிக்கும் வேலையும் இல்லை. தோலுரிப்பதில் அவற்றின் கூர்மைக்கு ஈடு சொல்வது கடினம். ஆயினும் மூட்டுக்குள் விட்டுத் திருகினால் மெல்லிய பிளேடு ஒடிந்துவிடும். கொழுப்பு படிந்த விரல்களோடு, அந்தி மங்கலில் பிளேடை மாற்றும் வேளையில்தான் கை அறுபடும் வாய்ப்பும் மிகுதி. கட்டுப்போட ஆளில்லாத இடத்தில் அது சிறிய குறையாகாது. ஆகவே நான்கு அங்குல அளவிலான நிலைத்த அலகுள்ள ஒரு கத்தியையும் சிறு சாணைக் குச்சியையுமே பரிந்துரைக்கிறேன். இரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கெட் ஒன்றும் கட்டாயம் வேண்டும். அது ஒரே கையால் தனக்குத்தானே கட்டிக்கொள்ளக்கூடிய வகையாக, பையின் அடியில் புதையாமல் வெளிப்பையில் இருக்க வேண்டும்.

தகவல் தொடர்புக்குக் கார்மின் இன்ரீச் மினி 2 என் முதல் தேர்வு. 100 கிராம் எடையுள்ள இக்கருவி இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தியை அனுப்பவும் பெறவும் வல்லது; ஆபத்து அழைப்புப் பொத்தானும் உண்டு. சந்தா கட்டாயம் என்பதும், அதன் பொத்தான்களைக் கொண்டே எழுத்தெழுத்தாகத் தட்டுவது பொறுமையைச் சோதிக்கும் என்பதும், அடர்ந்த மரக்கூரையின் கீழும் ஒடுங்கிய பள்ளத்தாக்கிலும் செய்தி தாமதமாகும் என்பதும் குறைகளே. ஆபத்து அழைப்பை மட்டும் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனுக்குச் சந்தா தேவையில்லை. ஆனால் அதில் “இறைச்சி கனமாக இருக்கிறது, ஒரு நாள் கழித்து வருவேன்” என்று வீட்டுக்குச் சொல்ல வழியில்லை. தனியாகப் போகிறவருக்கு உயிர் காக்கும் அழைப்பைவிட, வீண் தேடுதலைத் தவிர்க்கும் இத்தகைய செய்தியே அடிக்கடி தேவைப்படும்.

இறைச்சியைப் பொதியும் பைகள் நெருக்கமாக நெய்யப்பட்டு, காற்று புகுவனவாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் சூட்டை அடக்கி இறைச்சியைக் கெடுத்துவிடும், இழை விரிந்த மலிவுத் துணியோ ஈக்குத் தடையாகாது. ஆரஞ்சு நிறத் துணி ஒன்றை உடையோடு நிறுத்தாமல் பையின் மேலும் கட்டுவது நல்லது; கொம்பைச் சுமந்து நடப்பவர் தொலைவிலுள்ள இன்னொரு வேட்டைக்காரரின் கண்ணுக்கு மானாகவே தெரியக்கூடும்.

தண்ணீருக்குச் சாயர் ஸ்குவீஸ் வடிகட்டி போதுமானது. ஒருமுறை பயன்படுத்திய பின் அதன் நுண்குழாய்கள் உறைந்தால் வெடித்துவிடும். பழுதானது வெளியே தெரியாது என்பதால் உறைபனி இரவுகளில் அதை உறங்குபைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். தொலைநோக்கியில் 10x42 (பத்து மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லையுள்ள) இருவிழி வகையோடு நிறுத்திக்கொள்ளலாம்; முக்காலியோடு சேர்ந்து சில கிலோ வரும் பெரிய ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் ஒற்றைவிழித் தொலைநோக்கி, கொம்பின் அளவு பார்த்துச் சுடுபவருக்கே தேவை, இறைச்சிக்காகச் செல்பவர் அதை வாங்க வேண்டியதில்லை.