சத்தம் போன கணினி: டிரைவரை மாற்றுவதா, சவுண்டு கார்டை மாற்றுவதா?

நேற்றுவரை பாடிக்கொண்டிருந்த கணினி திடீரென்று ஊமையாகிவிட்டால் செய்யக்கூடியவை பல. டிரைவரை, அதாவது ஒலிக்கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை, அழித்து மறுபடி போடலாம். பழைய டிரைவருக்குத் திரும்பலாம். விண்டோஸையே புதிதாக ஏற்றலாம். இல்லையென்றால் யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்றைச் செருகி, மதர்போர்டில் இருப்பதை ஓரங்கட்டிவிடலாம். இதில் எது சரி என்பது பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் விண்டோஸை அழித்தால் அரை நாள் போகும். அறுந்த ஒயர் அறுந்தபடியே இருக்கும்.

பச்சைப் பட்டை சொல்வது

செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், அடியில் உள்ள ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ என்பதைத் திறங்கள். விண்டோஸ் 10-இல் அது ‘சவுண்ட் கன்ட்ரோல் பேனல்’ என்ற பெயரில் இருக்கும். ஒரு பாட்டை ஓடவிட்டு, ‘பிளேபேக்’ பக்கத்தில் ஒவ்வொரு கருவிக்கும் அருகே உள்ள பச்சைப் பட்டைகளைக் கவனியுங்கள். மேற்கொண்டு செய்யப்போகும் எல்லாவற்றையும் இந்தப் பட்டைதான் தீர்மானிக்கிறது.

பட்டை வேறொரு கருவியில் ஆடுகிறதா? மானிட்டரின் பெயரிலோ, எப்போதோ இணைத்த புளூடூத் இயர்போனிலோ ஆடினால் பழுதே இல்லை. சத்தம் வேறு வாசல் வழியே போகிறது, அவ்வளவுதான். கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட் ஆனபிறகோ, எச்டிஎம்ஐ கேபிளில் புது மானிட்டரை மாட்டியபிறகோ இது அடிக்கடி நடக்கும். எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் இரண்டும் படத்தோடு ஒலியையும் சுமப்பவை என்பதால், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டரையும் விண்டோஸ் ஒரு ஒலிக்கருவியாக எடுத்துக்கொள்ளக்கூடும். உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்து ‘செட் டிஃபால்ட்’ அழுத்தினால் வேலை முடிந்தது.

சரியான ஸ்பீக்கரிலேயே பட்டை ஆடுகிறது, காதுக்கு மட்டும் எதுவும் வரவில்லை என்றால், பாட்டு விண்டோஸின் கலவைப் பகுதிவரை வந்துவிட்டது. அதற்குப் பிறகு உள்ள ஒயர், ஜாக், ஸ்பீக்கர், மிஞ்சினால் டிரைவர் ஆகியவற்றையே பார்க்க வேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றி வேறொரு கருவியில் மாட்டிப் பாருங்கள். மேசைக் கணினியில் முன்பக்க ஜாக்கை விட்டுப் பின்புறம் உள்ள பச்சை ஜாக்கில் செருகுங்கள். முன்பக்க ஜாக் ஒரு மெல்லிய கேபிள் வழியே மதர்போர்டின் 9 ஊசி இணைப்பில் சேர்கிறது. பெட்டியைத் திறந்து தூசு தட்டும்போது அது கழன்றுவிடுவது உண்டு. பிறகு அந்தக் கருவியின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் ஒலித்தரத்தை 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று வைத்து, ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ எல்லாவற்றையும் அணையுங்கள்.

எந்தக் கருவியிலும் பட்டை அசையாவிட்டால் முதலில் வால்யூம் மிக்ஸரில் அந்த மென்பொருள் மட்டும் மியூட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்’ என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதைச் சார்ந்திருக்கும் ‘விண்டோஸ் ஆடியோ’வும் சேர்ந்தே ரீஸ்டார்ட் ஆகும். கணினியை அணைத்துப் போடுவதைவிட ‘ரீஸ்டார்ட்’ கொடுப்பது இங்கே மேல். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்பி வருகின்றன. சிக்கிக்கொண்ட டிரைவரும் சிக்கிய நிலையிலேயே எழுந்துவரும். ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுகிறது.

பட்டியலில் ஸ்பீக்கரே இல்லையா? வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து ‘ஷோ டிஸேபிள்ட் டிவைசஸ்’ என்பதை டிக் செய்து பாருங்கள். அப்போதும் வராவிட்டால்தான் டிரைவர் பக்கம் போக வேண்டும்.

மூன்று டிரைவர் வழிகள்

‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ஒலிக்கருவிகள் பகுதியில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா, பிழை எண் என்ன என்று பாருங்கள். 28 என்றால் டிரைவர் இல்லை. 22 என்றால் யாரோ அணைத்துவைத்திருக்கிறார்கள். 10 என்றால் டிரைவர் இருந்தும் கருவி கிளம்பவில்லை. அப்படி ஒரு கருவியின் பெயரே அங்கே இல்லையென்றால் பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) ‘ஆன்போர்டு ஆடியோ’ அணைந்திருக்கலாம். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

பழைய டிரைவருக்குத் திரும்பும் ‘ரோல்பேக் டிரைவர்’ என்பது ஒரே ஒரு சூழலுக்கு உரியது: அப்டேட்டுக்கு முன் சத்தம் இருந்தது, பின் இல்லை. அதற்கு இதைவிட விரைவான வழி கிடையாது. ஆனால் பழைய டிரைவரின் பிரதி கணினியில் இல்லையென்றால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கும். அதே கெட்ட டிரைவரை விண்டோஸ் அப்டேட் திரும்பக் கொண்டுவந்து போடவும் கூடும்.

பலரும் கண்டுகொள்ளாத வழி, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் பொது டிரைவர். முதலில் இதைத்தான் முயல வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இன்டெல் 2004-இல் கொண்டுவந்த ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ’ முறைப்படி அமைந்த சிப்களுக்கு விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே மைக்ரோசாஃப்ட் ஒரு டிரைவரைச் சேர்த்தே தருகிறது. கருவியின் மேல் வலது கிளிக், ‘அப்டேட் டிரைவர்’, ‘பிரௌஸ் மை கம்ப்யூட்டர்’, ‘லெட் மீ பிக்’ என்று போய், பட்டியலில் ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தால் போதும். இணையம் வேண்டாம், தரவிறக்கம் வேண்டாம், சில நிமிட வேலை. சத்தம் வந்துவிட்டால் சிப் நலம், பழுது நிறுவனத்தின் டிரைவரில் என்று தெரிந்துவிடுகிறது. இழப்பது ஈக்வலைசர், ஜாக்குகளின் வேலையை மாற்றியமைக்கும் வசதி போன்றவை. பாட்டும் அழைப்புகளும் மட்டும் போதும் என்பவர்கள் இதிலேயே நின்றுவிடலாம்.

இது தோற்கும் இடம் புதிய லேப்டாப்கள். ‘இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட்’ என்னும் ஒலித் தொழில்நுட்பம் வழியே மைக்கும், தனி ஆம்பிளிஃபயர் சிப் வழியே ஸ்பீக்கரும் இயங்கும் மாடல்களில் பொது டிரைவரால் அவற்றை எழுப்ப முடியாமல் போகலாம். அங்கே தயாரிப்பாளரின் டிரைவர்தான் வழி. அதையும் சிப் செய்த ரியல்டெக்கிடம் தேடாமல், உங்கள் லேப்டாப் அல்லது மதர்போர்டு மாடலின் பக்கத்திலிருந்தே எடுங்கள். ஒரே சிப்பை ஒவ்வொரு மாடலிலும் வெவ்வேறு ஜாக்குகளோடு இணைத்திருப்பார்கள். அந்த விவரம் அந்த மாடலின் டிரைவரில்தான் முழுமையாக இருக்கும். வரிசையும் முக்கியம்: ‘அன்இன்ஸ்டால்’ செய்யும்போது டிரைவரையும் நீக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள், ரீஸ்டார்ட், சிப்செட் டிரைவர், பிறகு ஆடியோ டிரைவர், மறுபடி ரீஸ்டார்ட். ‘எல்லா டிரைவரையும் தானே புதுப்பிக்கும்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை இறக்காதீர்கள். தவறான மாடலுக்கானதை அவை போட்டுவிட்டால் பழுது இரண்டாகிவிடும்.

விண்டோஸை அழிக்கும் முன்

‘சிஸ்டம் ரிஸ்டோர்’ முன்பே இயங்கியிருந்தால் அதுவே போதும்: டிரைவர்களைப் பழைய தேதிக்குக் கொண்டுபோகும், உங்கள் கோப்புகளைத் தொடாது. ‘ரீசெட் திஸ் பிசி’ கோப்புகளை விட்டுவைத்தாலும், நீங்கள் நிறுவிய மென்பொருள்களை நீக்கிவிடும்.

அந்த விலையைக் கொடுக்கும் முன் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். அதன் சவுண்ட் செட்டிங்ஸில் ‘டெஸ்ட்’ அழுத்தியதும் இடம், வலம் இரண்டும் கேட்டால் வன்பொருள் முழு நலம். விண்டோஸைத் திருத்துவதில் பொருள் உண்டு. கேட்காவிட்டால் மட்டும் உடனே சிப் செத்தது என்று முடிவுகட்ட வேண்டாம். மிகப் புதிய லேப்டாப்களுக்கு லினக்ஸில் ஆதரவு தாமதமாக வருவது உண்டு.

வன்பொருள் மாற்றுகள்

சிப்போ ஜாக்கோ போய்விட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு யுஎஸ்பி சவுண்டு கார்டே போதும். விரல் நீளக் கருவி. யுஎஸ்பி ஆடியோவின் முதல் வகுப்பைச் (‘கிளாஸ் 1’) சேர்ந்ததாக இருந்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் தனி டிரைவர் கேட்காது. இரண்டாம் வகுப்புக் கருவிகளை விண்டோஸ் 10 தானாக ஏற்கத் தொடங்கியது 2017-இல்தான் என்பதால், அதற்கும் பழைய கணினிக்கு வாங்கும்போது கவனியுங்கள். ஜாக்கையும் பாருங்கள்: இரட்டை ஜாக் என்றால் ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று, ஒற்றை ஜாக் என்றால் மூன்று வளையம் கொண்ட ஹெட்செட் பிளக்கே அதில் மைக்கோடு வேலை செய்யும். ஹப்பில் செருகாமல் நேரே கணினியில் செருகுங்கள். இதற்கு இன்னொரு பயனும் உண்டு: யுஎஸ்பி வழியாகவும் அதே ஸ்பீக்கர் பேசாவிட்டால், மதர்போர்டின் சிப் மீது போட்ட பழி தவறு.

லேப்டாப்பின் உள் ஸ்பீக்கரை மட்டும் இது திருப்பித் தராது. அங்கே ஹெட்போன் பிளக்கைச் சில முறை செருகி எடுத்துப் பாருங்கள். ஜாக்கில் பிளக்கை உணரும் தொடுமுனை தூசியால் ஒட்டிக்கொண்டால், ஹெட்போன் மாட்டியிருப்பதாக லேப்டாப் எண்ணி ஸ்பீக்கரை அணைத்தே வைத்திருக்கும்.

மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் சவுண்டு கார்டு மேசைக் கணினிக்கு மட்டும் உரியது. மூன்று பிளக் கொண்ட 5.1 ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு அது பொருத்தம். ஆனால் தடித்த கிராபிக்ஸ் கார்டு அந்த ஸ்லாட்டை மறைத்திருக்கலாம், சில கார்டுகளுக்குத் தனி மின் இணைப்பும் வேண்டும். தயாரிப்பாளர் டிரைவர் தருவதை நிறுத்திவிட்டால் நல்ல கார்டும் அடுத்த விண்டோஸில் முடங்கலாம். சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு இத்தனை சிரமம் தேவையில்லை.

மானிட்டரில் ஹெட்போன் ஜாக் இருந்தால் எச்டிஎம்ஐ வழியே செலவில்லாமல் சத்தம் கிடைக்கும். மைக் கிடைக்காது, மானிட்டர் உறங்கினால் பாட்டும் நிற்கலாம். புளூடூத்தில் ஒயர் தொல்லை இல்லை, ஆனால் சத்தம் சற்றுத் தாமதித்து வரும். படத்தில் அது பெரும்பாலும் தெரியாது. விளையாட்டிலும் கீபோர்டு வாசிப்பிலும் நன்றாகத் தெரியும். அதன் மைக்கைப் பயன்படுத்தும்போது பல ஹெட்செட்கள் மோனோவுக்கு இறங்கி, பாட்டு தொலைபேசியில் கேட்பதுபோல் ஆகிவிடும்.

யுஎஸ்பி கார்டு நிலையாகிவிட்டால் பயாஸில் ‘ஆன்போர்டு ஆடியோ’வை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் மீண்டும் அந்தச் செத்த ஜாக்குக்கே சத்தத்தை அனுப்பக்கூடும்.