லெந்துவுக்கு முன்: மூன்று ஞாயிறுகளா, மலையிலிருந்து நேரே சாம்பலா?

எங்கள் சபையில் ஞாயிறு வேதபாடங்களுக்கான மூன்றாண்டு வாசிப்பு ஒழுங்கை விட்டு, ஆண்டுதோறும் அதே பாடங்கள் வரும் ஓராண்டு ஒழுங்குக்கு மாறினோம். மாறலாம் என்று சொன்னவன் நான்தான். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

வேறுபாடு எளிது. ரோமச் சபை 1969இல் வகுத்த மூன்றாண்டு ஒழுங்கை லுத்தரன் சபைகள் பலவும் தங்களுக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டன. 1992இல் பல சபைகளுக்கும் பொதுவான 'திருத்திய பொது ஒழுங்கு' வந்தது. அதன்படி, லெந்து என்னும் நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு, இயேசு மலைமேல் ஒளிர்ந்ததை நினைக்கும் மறுரூப ஞாயிறு: மத்தேயு 17, மாற்கு 9, லூக்கா 9 என்று ஆண்டுக்கொன்று. ஓராண்டு ஒழுங்கிலும் மறுரூபம் உண்டு. ஆனால் அது, கிறிஸ்துமஸ் காலத்துக்குப் பின்வரும் பிரசன்னக் காலத்தின் கடைசி ஞாயிறாக முன்னரே வந்துவிடும். அதன்பின் செப்துவாகெசிமா, செக்சகெசிமா, குவின்குவாகெசிமா என்று லத்தீன் பெயர் கொண்ட மூன்று ஞாயிறுகள், பிறகுதான் சாம்பல். வேதப்பகுதிகள் அதிகம் காதில் விழுவது மூன்றாண்டு ஒழுங்கில்தான். அதில் வாதமே இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: லெந்துவுக்குள் நுழையும்போது விசுவாசியின் கையில் எந்தக் கணக்குப் புத்தகம் இருக்கிறது? நாற்பது நாள் எதை விடுவது, எத்தனை வேளை உபவாசிப்பது என்று மனம் எண்ணத் தொடங்கும் நேரம் அது. எண்ணத் தொடங்கிவிட்டால் தேவனிடம் பாக்கி வசூலிக்கும் நினைப்பும் கூடவே வந்துவிடும். சரியாக அந்த நேரத்தில் செப்துவாகெசிமா மத்தேயு 20இன் திராட்சத்தோட்ட வேலைக்காரர் உவமையை வாசிக்கிறது. பதினோராம் மணி நேரத்தில் வந்தவனுக்கும் அதே ஒரு பணம். பகலின் வெயிலைச் சகித்தவன் முறுமுறுக்கிறான். உபவாசம் தொடங்குமுன்பே கூலிக் கணக்கைக் கிழித்துப் போடும் வசனம் இது. அடுத்த வாரம் லூக்கா 8: விதை வசனம், விளைவிப்பது நம் முயற்சி அல்ல. அதற்கடுத்து லூக்கா 18: எரிகோவின் குருடன் கொண்டுவர ஒன்றுமில்லாமல் கூப்பிடுகிறான். கிருபை, வசனம், விசுவாசம் என்று இந்த மூன்றையும் லுத்தரன் பிரசங்கிகள் வரிசைப்படுத்துவது வழக்கம். வரிசை கொஞ்சம் செயற்கையாகத் தோன்றலாம், ஆனாலும் நிற்கிறது.

திருத்திய பொது ஒழுங்கில் இதே திராட்சத்தோட்ட உவமை மத்தேயு ஆண்டில் மட்டும், அதுவும் ஆண்டின் பிற்பகுதியில் வருகிறது. அந்த ஆண்டின் பிரசன்னக் கால ஞாயிறுகளிலோ மலைப்பிரசங்கம் ஓடுகிறது. கட்டளைகளைக் கேட்டுக்கொண்டே வந்த காது, மலையின் ஒளியைக் கண்டு, புதன்கிழமை "நீ உபவாசிக்கும்போது" என்ற மத்தேயு 6இல் இறங்குகிறது. திறமையான பிரசங்கி இடையில் கிருபையைச் சொல்லிவிடுவார், சரி. ஆனால் பாடமே அதைச் சொல்லிவிட்டால், அந்த ஞாயிறு சோர்வாக இருக்கும் பிரசங்கியும் பிழைத்துக்கொள்வார்.

குவின்குவாகெசிமாவைப் பற்றி இன்னொன்று. "இதோ, எருசலேமுக்குப் போகிறோம்" என்ற அந்த நாளின் பாடத்தை ஒட்டித்தான் இசையமைப்பாளர் பாக் 1723 பிப்ரவரி 7 அன்று லைப்சிக்கில் ஆலய இசைப் பதவிக்கான தம் தேர்வு இசையை நடத்தினார். அந்நாளில் அங்கே லெந்து ஞாயிறுகளில் பொதுவாக இத்தகைய இசை நிறுத்தப்பட்டது. நிற்பதற்கு முன் கடைசியாகக் கேட்டது சிலுவையை நோக்கிய பயணம். அந்தப் பகுதி திருத்திய பொது ஒழுங்கின் ஞாயிறுகளில் வருவதில்லை. அந்த எரிகோ குருடனின் கதை மட்டும், பர்திமேயு என்ற பெயரோடு, மாற்கு வழியாக வேறொரு பருவத்தில் வருகிறது.

மூன்றாண்டு ஒழுங்கு என்னை வெல்லும் இடம், லெந்து முழுவதும் பாடாமல் விடும் அல்லேலூயா. மறுரூப ஞாயிறு முழங்கிவிட்டுப் புதன்கிழமை சட்டென்று மௌனமாகும்போது பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பழைய மேற்கத்திய வழக்கில் செப்துவாகெசிமாவிலேயே அது அடங்கிவிடும். அப்படிச் செய்தால் அது போனதையே பலர் கவனிப்பதில்லை. இந்த மூன்று ஞாயிறுகளின் பீடத் துணி வண்ணத்திலும் ஒருமை கிடையாது: சில இடங்களில் ஊதா, சில இடங்களில் பச்சை.

ஆண்டுதோறும் அதே பாடத்தைப் பிரசங்கிப்பது சலிக்காதா என்று கேட்பார்கள். இதுவரை சலிக்கவில்லை, ஆனால் இந்தச் சுற்றில் நான் இன்னும் புதியவன், பத்தாம் முறை என்ன சொல்வேனோ. லுத்தரின் 1525 லெந்து பிரசங்கத் தொகுப்பு இந்தப் பாடங்களையே தொடர்வதால் கைத்துணைக்குக் குறைவில்லை.

மாற முடியாத சபையில் இருப்பவர்கள் மறுரூப ஞாயிறன்று லூக்கா 9:31ஐப் பிடித்துக்கொள்ளலாம்: மோசேயும் எலியாவும் எருசலேமில் நிறைவேறப்போகும் மரணத்தைக் குறித்தே பேசுகிறார்கள். மத்தேயு, மாற்கு ஆண்டுகளில் அந்த வரி இல்லை. மலையிலிருந்து இறங்கும்போது, தாம் உயிர்த்தெழும்வரை கண்டதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று இயேசு இட்ட கட்டளையிலிருந்துதான் பிரசங்கத்தைத் தொடங்க வேண்டியிருக்கும்.